கடலோரக் கலைக்கூடத்துக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி - பதில்

“லீவுக்குக் கடல் பார்க்கப் போறோம், அப்படியே அங்கே இருக்கிற ஓவியக் கூடங்களையும் பார்த்துட்டு வரலாமா?” என்று ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர், நாமக்கல் பக்கத்திலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து சுலபமாகப் போய்வரக்கூடிய கடலோரக் கலை ஊர் ஃபோர்ட் கொச்சி. அதனால் பதில்களில் பெரும்பங்கு அந்த ஊரைப் பற்றியே. கிழக்குக் கடற்கரையும் இடையில் வருகிறது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் ஆசிரியை: நாங்க நாலு பேருங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் கிடைக்கும். ஃபோர்ட் கொச்சிக்கு எப்படிப் போறது, எதை எப்போ பார்க்கறது?

பதில்: கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் சுமார் 4 மணி நேரம். ஈரோட்டில் ஏறினால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூரோடு போய்விடும். எர்ணாகுளத்திலும் நார்த் எனப்படும் டவுன், சவுத் எனப்படும் ஜங்ஷன் என இரண்டு நிலையங்கள். படகுத்துறைக்கு சவுத்தான் பக்கம்.

அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ரோட்டு வழி போகாதீர்கள். பாலங்களைச் சுற்றிக்கொண்டு, நெரிசலில் நின்று நின்று போகவேண்டியிருக்கும். படகில் 20 நிமிடம்தான். கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு எர்ணாகுளம் பெரிய படகுத்துறையில் கிளம்பும். சில ரூபாய்தான் கட்டணம். 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஹைகோர்ட் முனையத்திலிருந்து போகிறது. ஏசி உண்டு. ஆனால் ஒரு படகில் ஏறக்குறைய நூறு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள் என்பதால் விடுமுறை நாளில் வரிசை நீளும். எந்தப் படகானாலும் ஏறும் முன் ஊரைக் கேட்டு ஏறுங்கள். அதே துறையிலிருந்து வைப்பினுக்கும் மட்டாஞ்சேரிக்கும் படகுகள் உண்டு.

சனிக்கிழமையை ஃபோர்ட் கொச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்வத்தி சாலையில், கண்காட்சிகள் நடக்கும் பழைய கிடங்குகளான ஆஸ்பின்வால் ஹவுஸும் பெப்பர் ஹவுஸும் இருக்கின்றன. பரேடு மைதானத்தை ஒட்டி டச்சுக்காரர் காலத்து டேவிட் ஹால். பர்கர் தெருவில் காஷி ஆர்ட் கஃபே. எல்லாம் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி. அங்கே அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூதர் கோவிலுக்குச் சனி விடுமுறை. ஞாயிறு போனால் இரண்டும் திறந்திருக்கும். அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள் இன்றைய கலை இல்லைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். முதல் நாள் பார்த்த புது ஓவியங்களில் கோடும் நிறமும் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சில விடைகள் அந்தச் சுவர்களில் கிடைக்கும். ஊர் திரும்பும்போது சவுத் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள தர்பார் ஹால் கலைக்கூடத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். கேரள லலித்கலா அகாதெமி நடத்துவது.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்றுதான்: ஒரே நாளில் எட்டு இடம் என்று திட்டம் போடுவது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் கண் பார்க்கும், மனசில் ஒட்டாது. காலையில் இரண்டு இடம், மதியம் 12 முதல் 3 வரை சாப்பாடும் ஓய்வும், மாலையில் இரண்டு இடம். அது போதும். கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதற்காகக் கூடங்களைச் சில நாட்கள் மூடிவிடுவார்கள்.

நாமக்கல்லிலிருந்து: பினாலே நடக்கும்போது போனால்தான் பிரயோஜனமா?

பதில்: பினாலே என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைத் திருவிழா. கொச்சி - முசிறிஸ் பினாலே 2012 டிசம்பர் 12-ல் முதன்முதலாகத் தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு ஓவியர்கள் முன்னின்று தொடங்கினார்கள். அதன்பின் 2014, 2016, 2018. கொரோனாவால் தள்ளிப்போய் 2022. அடுத்தது 2025 டிசம்பரில் தொடங்கி 2026 மார்ச் முடிய. டிசம்பர் முதல் மார்ச் வரை என்பது பொதுக் கணக்கு. அப்போது பழைய கிடங்குகள் பலவும் கலைக்கூடமாகிவிடும். முழுதாகப் பார்க்க மூன்று நாளாவது வேண்டும். பினாலே இல்லாத மாதங்களில் ஆஸ்பின்வால் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சின்னக் கூடங்கள்தான் திறந்திருக்கும். கூட்டமும் இருக்காது. நின்று நிதானமாகப் பார்க்கவும், அங்கே இருப்பவர்களிடம் பேசவும் அந்த மாதங்களே தோது. ஜூன், ஜூலை மட்டும் வேண்டாம், மழை விடாது.

உடுமலையிலிருந்து ஒரு வாசகர்: போன தடவை போனேனுங்க. ஒரு ரூமுல கயிறு தொங்குது, இன்னொரு ரூமுல மண்ணு கொட்டியிருக்குது. ஒண்ணும் புரியலீங்க. படிச்சவங்களுக்கு மட்டுந்தான் இதெல்லாமா?

பதில்: இல்லவே இல்லை. சொல்லப்போனால் தறி, சாயப்பட்டறை, வார்ப்படம், நார் மில், தோட்டம் என்று வளர்ந்த நமக்குக் கைவசம் ஒரு வழி இருக்கிறது. இன்றைய கலையில் பாதிக்குமேல் பொருளிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறது. அந்தப் பொருட்களை நாம் கையால் அறிந்தவர்கள்.

இந்த வரிசையில் பார்த்துப் பழகுங்கள். அறைக்குள் போனதும் சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்காதீர்கள். மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் கேள்வி: இது எதனால் செய்தது? கயிறு என்றால் என்ன கயிறு, தேங்காய் நாரா, பருத்தியா, நைலானா? முறுக்கியதா, பின்னியதா, முடிச்சுப் போட்டதா? இரண்டாவது: இது எப்படி நிற்கிறது? எடை எங்கே இறங்குகிறது, எந்த ஆணி அல்லது உத்தரம் தாங்குகிறது? மூன்றாவது: எத்தனை கை, எத்தனை நாள் உழைத்திருக்கும்? நான்காவது: இதே பொருளை நம் ஊரில் எதற்குப் பயன்படுத்துவோம், இங்கே அதற்கு என்ன ஆகியிருக்கிறது? இந்த நான்கையும் கேட்டபின் குறிப்பைப் படியுங்கள். பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். முதலில் பார்த்ததும் இப்போது பார்ப்பதும் வேறாக இருக்கும்.

மிருணாளினி முகர்ஜி (1949–2015) என்ற சிற்பி சாயம் தோய்த்த நார்க்கயிறை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, ஆளுயரத்துக்கு மேலான உருவங்கள் செய்தார். 1984-ல் செய்த ஒன்றுக்கு யக்ஷி என்று பெயர். தறி கிடையாது, பாவு கிடையாது, ஊடை கிடையாது. கையும் முடிச்சும் மட்டும். முடிச்சை எங்கே இறுக்கியிருக்கிறார், எங்கே தளர விட்டு மடிப்பாக்கியிருக்கிறார் என்பதை ஒரு சென்னிமலைக்காரர் பார்க்கும் பார்வையில் எந்தக் கலை விமர்சகரும் பார்த்துவிட முடியாது. அந்த இறுக்கமும் தளர்ச்சியும்தான் அந்தச் சிற்பத்தின் உடம்பு.

2016 பினாலேயில், சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீட்டா ஆஸ்பின்வால் கிடங்கின் நீண்ட அறை ஒன்றில் கடல்நீரைத் தேக்கி வைத்தார். சுவரில் கவிதை வரிகள். பார்க்க வந்தவர்கள் கால்சட்டையையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய்ப் படித்தார்கள். அகதிப் படகு கவிழ்ந்து மடிந்த சிறுவன் காலிப் குர்தியை நினைத்துச் செய்தது அது. குறிப்பைப் படிக்கும் முன்பே கால் நனைந்துவிடுகிறது. புரிவது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு ஸ்லோவேனியக் கவிஞர் அலேஷ் ஷ்தேகர் சாணி பூசிய ஒரு பிரமிடு கட்டினார். உள்ளே இருட்டில் தடவிக்கொண்டு போனால், நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் குரல்கள் கேட்கும். சாணியின் வாசம் நமக்கு வாசல் தெளிப்பது; அதே வாசம் இருட்டில் வரும்போது மனம் என்ன செய்கிறது என்று கவனிப்பதே அந்தப் படைப்பைப் பார்ப்பது.

எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை. சில படைப்புகளில் சுவரில் இருக்கும் விளக்கம் நீளமாகவும் எதிரில் இருப்பது வெறுமையாகவும் இருக்கும். மூன்று நிமிடம் நின்றும் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் அடுத்த அறைக்குப் போங்கள். ஒரு கூடத்தில் மூன்றை ஆழமாகப் பார்த்தால் அது நல்ல நாள்.

வீடியோ படைப்புகளுக்கு மட்டும் வேறு பழக்கம் வேண்டும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்ததும் கண் பழகச் சில நிமிடம் ஆகும். வாசலை மறிக்காமல் சுவரோரம் நின்றுவிட்டு, பிறகு உட்காருங்கள். குறிப்பில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். 12 நிமிடம் என்றால் முழுதும் பார்க்கலாம். 90 நிமிடம் என்றால் அன்றைக்கு வேறு என்ன விடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

சென்னிமலையிலிருந்து: அந்தப் பினாலேக்கு முசிறிஸ்னு பேர் வெச்சிருக்காங்களே, நம்ம பக்கம் ஏதாச்சும் தொடர்பு உண்டுங்களா?

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முசிறி என்பது பெரியாற்று முகத்துவாரத்தை ஒட்டியிருந்த சேரர் துறைமுகம். ரோமானியக் கப்பல்கள் மிளகு ஏற்றிய இடம். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரையோடு கருவூருக்கும், அதற்கப்பால் கிழக்குக் கடற்கரைக்கும் வணிகப் பாதை போனது. அந்தப் பாதையில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருந்ததுதான் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர். அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயமும், இரும்பு உருக்கிய தடயமும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. வெள்ளலூரில் ரோமானியக் காசுகளே கிடைத்திருக்கின்றன.

1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, கொச்சித் துறை உருவானதாகக் கருதப்படுகிறது. பழைய முசிறி என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில் தோண்டியபோது கிடைத்த ஓட்டுச் சில்லுகளைக் கொண்டே 2012 பினாலேயில் விவான் சுந்தரம் என்ற கலைஞர் ஒரு நகரத்தைப் பரப்பிக் காட்டினார். அதன்மேல் மிளகு மிதந்து போகும் காட்சியையும் படமாக்கினார். கொச்சிக்குப் போகும் முன் ஒரு நாள் கொடுமணல் மேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே போய் நிற்கும்போது, நாமும் அந்தப் பாதையின் ஒரு முனை என்பது தெரியும்.

பெருந்துறையிலிருந்து: அப்பாருக்கு முழங்கால் வலி. அம்மிணிக்கு ஏழு வயசு, சும்மா இருக்கமாட்டா. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போலாமுங்களா?

பதில்: தாராளமாக. பெரியவருக்குப் பழைய கிடங்குகளில் மூன்று சிரமம்: மேடுபள்ளமான தரை, கைப்பிடி இல்லாத மரப்படி, ஏசி இல்லாத புழுக்கம். உள்ளே போனதும் கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு அதை மட்டும் காட்டுங்கள். மடக்கு நாற்காலி கொண்டுபோக விடுவார்களா என்று வாசலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டூலாவது போட்டுக் கொடுப்பார்கள். காலை 10 மணிக்குத் திறந்ததும் போனால் வெயிலும் கூட்டமும் குறைவு. தண்ணீர் பாட்டிலை வெளி முற்றத்தில் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், கூடத்துக்குள் திறக்கவேண்டாம்.

குழந்தைக்கு ஒரு கூடத்துக்கு அரை மணி நேரம்தான். அதற்குமேல் இழுக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பேனா வேண்டாம், பல கூடங்களில் அனுமதி இல்லை, மை சிந்தினால் துடைக்கவும் முடியாது. “இந்த ரூமுல உனக்குப் பிடிச்ச ஒண்ணை வரைஞ்சு காட்டு” என்றால் ஓடுகிற பிள்ளையும் உட்கார்ந்துவிடும். தொடாதே என்று அதட்டுவதற்குப் பதில் காரணத்தைச் சொல்லுங்கள்: விரலில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது, வெண்கலத்தில் பட்டால் ரேகை அப்படியே அரித்துப் பதிந்துவிடும், துணியில் பட்டால் வருடங்கழித்து மஞ்சளாகத் தெரியும். ஏழு வயதுக்கு இது நன்றாகவே புரியும். தொட்டுப் பார்க்கவே செய்த படைப்புகளும் உண்டு. அவற்றை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே கூட்டிப்போங்கள்.

கரூரிலிருந்து: போட்டோ எடுக்கலாமுங்களா?

பதில்: கூடத்துக்குக் கூடம் மாறும், கேட்டுவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் எங்கும் வேண்டாம். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். படம் எடுக்கப் பின்னால் நகரும்போது பை இடித்துத்தான் சிற்பங்கள் சேதமாகின்றன.

கோவை பீளமேட்டிலிருந்து, வார்ப்படத் தொழிலில் இருப்பவர்: கடற்கரையில் வைத்த இரும்புச் சிற்பங்கள் சீக்கிரம் துருவேறுகின்றன. சில சிற்பங்கள் வேண்டுமென்றே துருப்பிடித்த நிறத்தில் இருக்கின்றன. என்ன பொருள் போடுகிறார்கள்?

பதில்: துரு நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் கார்ட்டன் எனப்படும் வெதரிங் ஸ்டீல். செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் சிறிதளவு சேர்ந்த எஃகு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்து வரும்போது அதன்மேல் நெருக்கமான துருப்படலம் ஒன்று கட்டும். அது உள் இரும்பைக் காக்கும். கோவை மாதிரி ஊரில் இது நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் காய்வதே இல்லை. குளோரைடு படலத்தைக் கட்டவும் விடாது. துரு செதில் செதிலாக உதிர்ந்து தகடு மெலிந்துகொண்டே போகும். தண்ணீர் தேங்கும் மூலைகளிலும், இரண்டு தகடு சேரும் இடுக்குகளிலும் முதலில் ஓட்டை விழும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் இதே வேறுபாடு. நம் ஊர்ப் பாத்திரத்துக்குப் போடும் 304 ரகம் கடற்காற்றில் சில மாதத்திலேயே டீக்கறை படிந்ததுபோல் பழுப்பாகும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குளோரைடு குழி விழுவது வெகுவாகக் குறையும். 316-லும் வெல்டிங் மூட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால் அந்த இடத்தில் கறை வரும்; பாலிஷ் எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு உப்பு ஒட்டாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதே பாதிப் பராமரிப்பு. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது குளோரைடு உள்ளே நுழைந்த நோய். மேலே மெழுகு பூசி மறைத்தால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அதைப் பழைய வெண்கலத்தின் அழகான பச்சையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல பச்சை, உலோகத்தோடு ஒட்டியிருக்கும், விரலில் வராது.

அடுத்தமுறை கடலோரச் சிற்பம் ஒன்றைப் பார்த்தால் பின்பக்கம் போய் மூட்டுகளைப் பாருங்கள். கலைஞர் அந்தக் காற்றை எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

திருப்பூரிலிருந்து, பிரிண்டிங் யூனிட் நடத்துபவர்: கண்காட்சியில் பார்த்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து டி-ஷர்ட்டில் பிரிண்ட் போடலாமா? ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால்?

பதில்: இரண்டும் கூடாது. ஓவியத்தை வாங்கினால் அந்தப் பொருள் உங்களுடையது. பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் வாழும் காலமும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். ஃபோர்ட் கொச்சித் தெருச் சுவர்களில் இருக்கும் ஓவியங்களுக்கும் இதேதான். தெருவில் இருப்பதால் பொதுச் சொத்து ஆகிவிடாது.

நேர்வழி எளிது. கூடத்தின் மூலம் ஓவியரிடம் பேசி எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். எந்தப் படம், எந்தத் துணிவகை, எத்தனை உருப்படி, எந்தெந்த நாடு, எத்தனை வருடம், உருப்படிக்கு எவ்வளவு அல்லது மொத்தமாக எவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். உரிமை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவதில். ஐரோப்பாவுக்குச் சரக்கு போய் இறங்கிய பின் அங்கே உரிமையே இல்லை என்று தெரியவரும். இன்னொன்று: உரிமை வாங்கினாலும் ஓவியர் பெயரை மறைக்கவோ, அவர் பெயருக்கு இழுக்கு வரும்படி படத்தைச் சிதைக்கவோ முடியாது. நிறம் மாற்றுவது, பாதியை வெட்டுவது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பிள் பீஸ் அனுப்பிக் கையெழுத்து வாங்குவது நம் தொழிலில் பழகியதுதானே, அதையே இங்கும் செய்யுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: புது வீட்டு ஹாலுக்கு ஓர் ஓவியம் வாங்கலாம்னு இருக்கறோமுங்க. ஏமாறாம வாங்க என்ன பார்க்கணும்?

பதில்: வீட்டிலிருந்து கிளம்பும் முன் சுவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பில் “ஆக்ரிலிக், கான்வாஸ், 36 × 48 அங்குலம்” என்று இருந்தால் முதல் எண் உயரம், இரண்டாவது அகலம். இதை மாற்றிப் புரிந்துகொண்டு படுக்கைவாட்டுப் படத்தை ஒடுங்கிய சுவருக்கு வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்து, அசலா அச்சா என்று பாருங்கள். கான்வாஸில் அச்சடித்து, மேலே கண்ணாடி மாதிரி ஜெல்லைத் தூரிகையால் தடவிவிட்டால் தூரத்திலிருந்து கையால் வரைந்ததுபோலவே இருக்கும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அசலில் வண்ணத்தின் மேடும் நிறமும் சேர்ந்தே போகும். போலியில் மேடு ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் போகும். லென்ஸ் வைத்தால் புள்ளி புள்ளியாக மை தெரியும். கைவேலை அச்சுகள், அதாவது எட்சிங், லித்தோ, செரிகிராப், வேறு கதை. அவை நேர்மையான கலை வடிவம். கீழே பென்சிலில் 7/25 என்று இருந்தால் 25 படிகளில் ஏழாவது என்று பொருள். ஓவியரின் பென்சில் கையெழுத்தும் இருக்கவேண்டும். முதல்முறை வாங்குபவர்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது இதைத்தான். நல்ல கலைஞரின் வேலை, கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்.

கான்வாஸின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடலோரக் கூடத்தில் இதை மறக்கவே கூடாது. கரும்புள்ளியோ சாம்பல் பூப்போ இருந்தால் பூஞ்சை. சட்டத்தில் அடித்த ஆணி துருவேறியிருந்தால் அந்தத் துரு துணிக்கு இறங்கும். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடத்தின் பங்காக இருப்பது வழக்கம். கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், தவணையும் கேட்கலாம். பாதி விலைக்குக் கேட்காதீர்கள். அது ஓவியரின் கூலியைக் கேட்பது. பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றாயிற்று. ரசீதில் ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு ஐந்தும் எழுதி வாங்குங்கள். இது அசல் ஓவியம்தான் என்று ஓவியர் கையெழுத்திட்ட சான்றையும் அன்றைக்கே வாங்குங்கள். பிறகு அனுப்புகிறோம் என்பது பெரும்பாலும் நடக்காது.

கோவை வடவள்ளியிலிருந்து: வாங்கிய படத்தை ரயிலில் கொண்டுவரும் முறை, வீட்டில் மாட்டும் முறை இரண்டையும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் வண்ணம் காய்ந்ததா என்று கேளுங்கள். எண்ணெய் ஓவியம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பபிள் ஷீட்டை நேராக வண்ணத்தின்மேல் சுற்றவே கூடாது. ஆக்ரிலிக் சூட்டில் இளகும், குமிழ்கள் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். பிறகு எடுக்கவே முடியாது. முதலில் கிளாசின் தாள், அல்லது சிலிகான் பூசிய பட்டர் பேப்பர். அதன்மேல் இரண்டு பக்கமும் படத்தைவிட ஓர் அங்குலம் பெரிய அட்டை. நான்கு மூலைக்கும் காப்பு. அதற்குமேல் பபிள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. காரில் வந்தால் டிக்கியில் வைக்காதீர்கள். வாளையார் வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். ரயிலில் செங்குத்தாக, ஜன்னலோரம் வெயில் படாமல். வந்ததும் ஒரு நாள் கட்டுப் பிரிக்காமல் வைத்துப் பிறகு பிரியுங்கள். கொச்சி ஈரத்திலிருந்து கோவை வறட்சிக்குத் துணி மெல்லப் பழகட்டும். அதற்குமேல் பிளாஸ்டிக்கில் வைத்தால் உள்ளே ஈரம் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சுருட்டிக் கொண்டுவருவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, 6 அங்குல விட்டத்துக்குக் குறையாத குழாயில் சுருட்டவேண்டும். எல்லோரும் உள்பக்கம்தான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். உள்பக்கம் சுருட்டினால் வண்ணம் நசுங்கி, விரிக்கும்போது கொப்புளமாகப் பெயரும்.

தாளில் வரைந்ததற்குச் சட்டம் போடும்போது மூன்றை வற்புறுத்துங்கள்: அமிலமில்லாத மவுண்ட் அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி, செல்லோடேப் கூடவே கூடாது. டேப் சில வருடத்தில் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும்.

மாட்டும் உயரம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. நம் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அடி கூடுதல் உயரத்தில்தான் மாட்டுகிறோம், பழைய குடும்பப் போட்டோ மாட்டிய பழக்கம். ஒரு கொக்கிக்குப் பதில் இரண்டு போட்டால் சாயாது. சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் ஒரு செ.மீ. தக்கைத் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். புதுப் பூச்சுச் சுவர் ஒரு கோடை முழுக்கக் காய்ந்தபிறகே மாட்டவேண்டும். மேற்குச் சுவர், குளியலறைச் சுவர், பூஜை விளக்குக்கு மேலே, மூன்றும் வேண்டாம். ஆடிக்காற்றில் கணவாய் வழியாக வரும் புழுதி படிந்தால் மெல்லிய உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள், ஈரத்துணி படவே கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை வரும். வந்துவிட்டால் துடைக்காமல் தனியே எடுத்து, நிழலில் காற்றோட்டமாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் தட்டுங்கள்.

காங்கேயத்திலிருந்து: தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே இப்படி ஓர் இடம் இல்லீங்களா?

பதில்: இருக்கிறது, அதுவும் கோவையில் பிறந்தவர் உருவாக்கியது. கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோவையில் பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-ல் தன் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் சேர்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற வருமானம் அவர்களுக்குக் கைகொடுத்தது. பெரிய கொடையாளர் யாரையும் எதிர்பார்க்காமல் கலைஞர்களே எழுப்பிய ஊர் அது. கணக்குக் குறிகளும் கட்டங்களும் எந்த மொழியிலும் சேராத எழுத்துகளும் நிறைந்த அவருடைய சொல்லும் குறியும் வரிசை ஓவியங்களைப் பார்க்கும்போது, பழைய சாதகக் கட்டமும் ஓலைச்சுவடியும் நினைவுக்கு வரும்.

2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் நிரந்தரமாக இருக்கின்றன. வெளியே மரநிழலில் சிற்பத் தோட்டம். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களை அருகில் போய்ப் பாருங்கள். தகட்டை வெட்டி, மடித்து, ஒட்டவைத்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதே சாலையில் தெற்கே முட்டுக்காட்டில், தென்னாட்டுப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் அருங்காட்சியகமான தட்சிணசித்ரா. காலை சோழமண்டலம், மாலை தட்சிணசித்ரா என்று ஒரு நாளில் முடிக்கலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கடற்கரைக்குப் போகுமளவு இப்போ வசதி இல்லீங்க. பக்கத்திலேயே பார்த்துப் பழக இடம் உண்டா?

பதில்: கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. ஓவியக் கண்காட்சிகளும், கூடவே ஜவுளி அருங்காட்சியகமும் உண்டு. காலையில் ஈரோட்டில் ரயில் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். உடுமலை வாசகருக்குச் சொன்ன நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கண்காட்சித் தொடக்க நாளில் போனால் ஓவியர்கள் அங்கேயே இருப்பார்கள். “இதை எதால் செஞ்சீங்க?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.